ராத்திரி பதினோரு மணிக்கு யாருக்குப் போன் பண்றது?

(திருவண்ணாமலையில் கல்லூரி மாணவர்களும் இளம் மென்பொருள் பணியாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை இங்கே பேச அழைத்த தம்பி போனில் ஒன்று கேட்டார். "அண்ணா, நாங்க ஜாங்கோ கத்துக்கிட்டோம். ரொம்ப நல்லா இருக்கு. ஒரே மாசத்துல ஒரு முழு சைட் செஞ்சிட்டோம். ஆனா இன்டர்வியூவுக்குப் போனா பெரிய கம்பெனிங்கள்ல அதைப் பத்திக் கேக்கவே மாட்டேங்குறாங்க. ஜாவா தெரியுமா, ஸ்பிரிங் தெரியுமான்னுதான் கேக்குறாங்க. நல்ல பொருளை இவங்க ஏன் எடுத்துக்க மாட்டேங்குறாங்க?" பதில் சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் வேண்டும் என்றேன். அந்த ஒரு மணி நேரம்தான் இது.

தம்பி சொன்ன ஜாங்கோவும் ஸ்பிரிங்கும் ஃப்ரேம்வொர்க்குகள். ஃப்ரேம்வொர்க் என்றால் என்ன என்பதை அவையில் இருக்கும் பெரியவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை தீபத்துக்குச் சில நாள் முன்னால் நம் கோயில் இணையதளத்தில் பரணி தீபத்துக்கும் மகா தீபத்துக்கும் அனுமதிச்சீட்டு முன்பதிவு திறக்கும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது கைப்பேசியோடு காத்திருப்பார்கள். பெயர், ஆதார் எண், கைப்பேசி எண், பணம், சீட்டு. பார்க்க ஐந்தே கட்டங்கள். அதற்குப் பின்னால் நடக்க வேண்டியவை ஏராளம். எழுதியது சரியா என்று பார்க்க வேண்டும். ஒரே சீட்டு இரண்டு பேருக்குப் போய்விடக் கூடாது. பணம் எடுத்துவிட்டுச் சீட்டு வராமல் போகக் கூடாது. கெட்ட எண்ணத்தோடு ஒருவன் பெயர்க் கட்டத்தில் பெயருக்குப் பதில் நிரல்துண்டைத் தட்டினால் உள்ளே இருக்கும் பட்டியல் வெளியே கொட்டிவிடக் கூடாது. ரயில் சீட்டு விற்கும் தளத்துக்கும் இதே வேலைதான், மளிகைக் கடைத் தளத்துக்கும் இதே வேலைதான். எல்லாருக்கும் பொதுவான இந்த வேலையை ஒருமுறை நன்றாக எழுதி, பலர் சோதித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்ததைத்தான் ஃப்ரேம்வொர்க் என்கிறோம். தமிழில் பணிச்சட்டகம் என்று எழுதுகிறார்கள்.

தம்பி சொன்ன ஜாங்கோ, அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்தது. சிறிய ஊர்தான். காலையில் கேட்ட பக்கம் மாலைக்குள் இணையத்தில் வந்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் ஏட்ரியன் ஹோலவாட்டி, சைமன் வில்லிசன் என்ற இருவர் தங்கள் வசதிக்காகக் கட்டியது. 2005இல் எல்லாருக்கும் திறந்து விட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் வந்தது ரூபி ஆன் ரெயில்ஸ். அதுவும் ஒரு சிறிய கம்பெனி தன் வேலைக்காகச் செய்ததே.

இனி நம் ஊருக்கே வருகிறேன். நம் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். அப்புறம் வேலூர் மாவட்டத்துத் தளம், அப்புறம் ராஜஸ்தானில் ஏதோ ஒரு மாவட்டம். மேலே உள்ள பட்டை, மெனு, எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். தேசிய தகவலியல் மையம் செய்த எஸ்3வாஸ் என்ற கட்டமைப்பில் அவை ஓடுகின்றன. பெயரில் உள்ள மூன்று 'எஸ்' எழுத்துகளும் பாதுகாப்பு, எத்தனை கூட்டம் வந்தாலும் தாங்குவது, பார்வைக் குறைபாடு உள்ளவரும் பயன்படுத்த முடிவது ஆகிய மூன்றையும் குறிக்கும். ஒரு நாட்டின் மாவட்ட நிர்வாகங்களை எல்லாம் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவருவது சின்ன காரியம் இல்லை. இதைவிடப் பெரிய 'பெரிய நிறுவனம்' எங்கே இருக்கிறது?

இது எப்படி நடந்தது? மேலிடத்து உத்தரவு என்று சொல்லிவிடலாம். அதுவும் உண்டு. ஆனால் நான் பார்ப்பது வேறொன்று. ஒவ்வொரு கலெக்டர் அலுவலகத்திலும் தேசிய தகவலியல் மையத்துக்கு ஓர் அறை உண்டு, மாவட்டத் தகவலியல் அலுவலர் என்று ஒருவர் உண்டு. தளம் திறக்கவில்லை என்றால் கலெக்டர் அலுவலகத்து எழுத்தருக்கு எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரியும். சட்டகத்தின் உள்ளே எந்த மொழி, எந்தத் தரவுத்தளம் என்று அவர் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார். தட்டக் கதவு இருந்தது, எடுத்துக்கொண்டார்கள்.

இதை நான் ஒரு தோல்வியில்தான் கற்றுக்கொண்டேன்.

2011. நானும் என் நண்பர் ஒருவரும் சென்னையில் வண்டிக் கடன் கொடுக்கும் ஒரு பெரிய நிதி நிறுவனத்துக்குப் போனோம். வண்டி டீலர்கள் பயன்படுத்தும் அவர்களுடைய தளம் அரதப்பழசு. அதை ஜாங்கோவில் மாற்றித் தருகிறோம் என்று சொல்லப் போனோம். 42 ஸ்லைடு. அவர்களுடைய பழைய பக்கம் ஒன்றை எடுத்து, இதற்கு நீங்கள் எழுதிய நிரல் இத்தனை வரி, நாங்கள் எழுதினால் இத்தனையே வரி என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். கணினித் துறை இளைஞர்கள் தலையாட்டினார்கள். மேசையின் கடைசியில் உள்தணிக்கைப் பிரிவிலிருந்து ஒரு பெரியவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும் கேட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. மாசக் கடைசி. ராத்திரி பதினோரு மணி. காலையில டீலருக்குப் பணம் போயாகணும். இது நின்னு போச்சு. நான் யாருக்குப் போன் பண்றது?"

"எங்களுக்குப் பண்ணுங்க சார்" என்றார் நண்பர்.

"நீங்க ரெண்டு பேரும் வேற வேலைக்குப் போயிட்டா?"

நான் முந்திக்கொண்டு, "உலகம் முழுக்க இதுக்குக் கம்யூனிட்டி இருக்கு சார், கேட்டா உடனே பதில் சொல்லுவாங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நன்றி தம்பி" என்றார். மூன்று வாரம் கழித்து, இப்போதைக்கு வேண்டாம் என்று மெயில் வந்தது.

வெகு நாள் வரைக்கும் அவரைப் புதுமையை ஏற்காத மனிதர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று அந்த அறையில் இருந்தவர்களிலேயே சரியான கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான் என்று சொல்வேன். நாங்கள் எங்கள் சட்டகத்தின் அழகைச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் தன் மாசக் கடைசியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

நம் ஊரில் இந்தக் கேள்வியே எழாத ஒரு காரியம் இருக்கிறது. 2,668 அடி மலை உச்சிக்குக் கொப்பரை ஏற வேண்டும், நெய் ஏற வேண்டும், திரி ஏற வேண்டும், கார்த்திகை மாலை ஆறு மணிக்குத் தீபம் எரிய வேண்டும். இந்த வருடம் யார் ஏற்றுவார்கள் என்று நாம் யாரையாவது கேட்டதுண்டா? பருவதராஜ குலத்தார் இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அது அவர்கள் உரிமை, அவர்கள் பொறுப்பு. 2024 டிசம்பரில் புயல் மழையில் மலை சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு உயிர்கள் போயின. அந்தத் துக்கம் இந்த ஊரை விட்டு இன்னும் போகவில்லை. அந்த ஆண்டு பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை. தீபம் மட்டும் ஏறியது. பொறுப்பைச் சுமப்பது யார் என்பது முன்பே முடிவாகியிருந்தது. அந்தத் தணிக்கைப் பெரியவர் எங்களிடம் எதிர்பார்த்தது இதைத்தான்: உங்கள் ஃப்ரேம்வொர்க்குக்கு யார் அந்தக் குலத்தார்?

பெரிய நிறுவனங்களின் பயம் வெறும் பிடிவாதம் இல்லை. சூடு பட்டிருக்கிறார்கள். ஆங்குலர்ஜேஎஸ் என்று ஒரு சட்டகம். கூகுள் கொடுத்தது, 2010இல் வந்தது. கூகுளே பின்னால் இருக்கிறது, இனி என்ன பயம் என்று உலகத்தில் எத்தனையோ நிறுவனங்கள் அதில் கட்டின. 2016இல் அடுத்த பதிப்பு வந்தபோது அது பழையதோடு ஒட்டாத முற்றிலும் வேறு பொருளாக இருந்தது. பழையதற்கான ஆதரவு 2021 டிசம்பர் 31ஆம் தேதியோடு நின்றது. வேலை செய்துகொண்டிருந்த மென்பொருளை, ஒரு புது வசதியும் கூடாமல், திரும்ப எழுத எத்தனை பேர் பணம் ஒதுக்க வேண்டியிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பின்னால் பெரிய பெயர் இருப்பது மட்டும் போதாது என்று அன்று தெரிந்தது.

ரியாக்ட் என்ற இன்னொரு கருவியின் கதை உரிமத்தைப் பற்றியது. ஃபேஸ்புக் அதை இலவசமாகத் தந்தது, ஆனால் காப்புரிமை பற்றி ஒரு தனி நிபந்தனையோடு. ஃபேஸ்புக்மேல் நீங்கள் காப்புரிமை வழக்குப் போட்டால் உங்களுக்குக் கொடுத்த காப்புரிமை அனுமதி போய்விடும் என்பது அதன் சாரம். நிரல் எழுதுகிறவர்கள் அதைப் படிக்கவே இல்லை. வக்கீல்கள் படித்தார்கள். 2017 ஜூலையில் அப்பாச்சி அறக்கட்டளை தன் திட்டங்களில் அந்த உரிமம் கூடாது என்றது. செப்டம்பரில் வேர்ட்பிரஸ் தரப்பு ரியாக்ட்டை விட்டு விலகுவதாகவே அறிவித்தது. அந்த மாதக் கடைசிக்குள் ஃபேஸ்புக் இறங்கிவந்து எளிய எம்ஐடி உரிமத்துக்கு மாறியது. அந்த இரண்டு மாதத்தில் ரியாக்ட்டின் வேகமோ அழகோ துளியும் குறையவில்லை. ஒரு பத்தி மாறியது, அவ்வளவுதான். சட்டத்துறை அனுமதி தரத் தாமதமாகிறது என்று சலித்துக்கொள்கிற தம்பிகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே 2017இல் அமெரிக்காவில் ஈக்விஃபேக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்தில் நடந்தது எல்லாவற்றையும்விடக் கொடியது. அவர்கள் தளம் ஒன்று ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா சட்டகத்தில் ஓடியது. அதில் ஓர் ஓட்டை இருப்பது தெரிந்து, மார்ச் 7ஆம் தேதியே அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டுவிட்டார்கள். ஈக்விஃபேக்ஸ் அதைப் போடவில்லை. மே மாதம் திருடர்கள் உள்ளே வந்தார்கள், ஜூலைக் கடைசி வரைக்கும் இருந்தார்கள். ஏறக்குறைய 14.7 கோடிப் பேரின் விவரம் போனது. சட்டகத்தைச் செய்தவர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள். அதை எடுத்துக்கொண்ட வீட்டில், திருத்தம் வந்ததா என்று பார்த்துப் போடுவது யார் வேலை என்பதுதான் நழுவிப்போனது. ஆகவே ஒரு நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி உங்கள் சட்டகத்தைச் சந்தேகத்தோடு பார்த்தால் அவர் கண்முன் இந்த ஈக்விஃபேக்ஸ் நிற்கிறது என்று பொருள். நம் நாட்டிலும் விதிகள் இறுகிவிட்டன. இணையத் தாக்குதல் நடந்தால் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022இல் உத்தரவு வந்தது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தகவல் தொழில்நுட்ப வேலையை வெளியே கொடுத்தால், அதிலிருந்து வெளியேறும் வழியையும் முன்கூட்டியே வகுத்து வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023இல் விதி செய்தது. உள்ளே நுழையும் வழியை மட்டும் பேசுகிறவரை அவர்கள் எப்படி நம்புவார்கள்?

அப்படியானால் எந்த ஃப்ரேம்வொர்க்தான் பெரிய நிறுவனங்களுக்குள் போய் உட்கார்ந்தது? தம்பியை இன்டர்வியூவில் கேட்டார்களே, அந்த ஸ்பிரிங். இது நிதானமாகப் பார்க்க வேண்டிய கதை.

2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் ஜாவாவின் நிறுவனப் பதிப்பை நம்பியிருந்தன. அதற்காக வெப்லாஜிக், வெப்ஸ்பியர் என்று விலை கூடிய சர்வர் மென்பொருட்களைப் பெரும் பணம் கொடுத்து வாங்கியிருந்தன. ஆனால் அதில் நிரல் எழுதுவது பெரும்பாடு. ஒரு சின்ன வேலைக்கு நாலைந்து கோப்பு எழுத வேண்டும், சோதித்துப் பார்க்க சர்வரையே கிளப்ப வேண்டும். ராட் ஜான்சன் என்பவர் 2002இல் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். குறை சொன்னதோடு விடாமல், வேறு எப்படிச் செய்யலாம் என்று நிரலும் எழுதிச் சேர்த்தார். படித்தவர்களில் யூர்கன் ஹோலர், யான் கரோஃப் என்ற இருவர், இந்த நிரலை எல்லாருக்கும் திறந்துவிடலாம் என்று அவரைப் பிடித்துக்கொண்டார்கள். பழைய முறையின் குளிர்காலத்துக்குப் பின் வரும் வசந்தம் என்று பெயர் வைத்தார்கள். 2004 மார்ச்சில் முதல் முழுப் பதிப்பு.

அவர்கள் வங்கியிடம் போய் "நீங்கள் வாங்கியதெல்லாம் வீண், தூக்கிப் போடுங்கள்" என்று சொல்லவில்லை. அதே ஜாவா, அதே சர்வர், அதே ஆட்கள், அதே தரவுத்தளம் இருக்கட்டும்; எழுதும் விதத்தை மட்டும் எளிதாக்குகிறோம் என்றார்கள். சர்வருக்குக் கோடி ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்ட மேலாளர் யாருக்கும் தான் தப்புச் செய்துவிட்டதாக ஒப்புக்கொள்ள வேண்டிய நிலை வரவில்லை. இது மிகப் பெரிய விஷயம், தம்பிகளே. நாங்கள் 2011இல் அந்தப் பழைய பக்கத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினோமே, அந்தப் பக்கத்தை எழுதியவர் அதே அறையில் உட்கார்ந்திருந்தார். அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்பிரிங்காரர்கள் இன்னொன்றும் செய்தார்கள். பயிற்சிக்கும் ஆதரவுக்கும் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பணம் கட்டினால் போனை எடுக்க ஆள் இருந்தார்கள். 2009இல் விஎம்வேர் அந்தக் கம்பெனியை 42 கோடி டாலருக்கு வாங்கியது. மென்பொருள் அன்றும் இலவசம், இன்றும் இலவசம்.

நம் நாட்டில் இதற்கு இணையாக நான் மதிக்கும் முயற்சி ஃப்ராப்பே. மும்பையில் ருஷப் மேத்தா தன் குடும்பத்தின் மரச்சாமான் தொழிலுக்குக் கணக்கு, சரக்கு, உற்பத்தி எல்லாவற்றையும் பார்க்கும் ஒரு மென்பொருள் வேண்டும் என்று தேடி, சரியாக அமையாமல், தானே கட்டத் தொடங்கியவர். அதுதான் ஈஆர்பிநெக்ஸ்ட். அதற்கு அடியில் இருந்த சட்டகத்தைப் பிரித்தெடுத்து ஃப்ராப்பே என்று பெயரிட்டார். பைத்தான் மொழி, மரியாடிபி தரவுத்தளம். ஒரு ஆவணம் எப்படி இருக்கும் என்று திரையிலேயே சொல்லிவிட்டால், வாடகை ஒப்பந்தம் என்றால் கட்டட உரிமையாளர் பெயர், தொகை, தேதி என்று கட்டங்களை வரிசையாகக் கொடுத்துவிட்டால், தரவுத்தள அட்டவணை, நிரப்பும் படிவம், யார் பார்க்கலாம் யார் திருத்தலாம் என்ற அனுமதி எல்லாம் தானே உருவாகிவிடும். பங்குவர்த்தக நிறுவனமான ஜெரோதா ஈஆர்பிநெக்ஸ்டைப் பயன்படுத்துகிறது, ஃப்ராப்பேயில் முதலீடும் செய்திருக்கிறது. நான் கவனிக்கச் சொல்வது, இந்தச் சட்டகம் நிறுவனங்களுக்குள் போன விதம். "எங்கள் ஃப்ரேம்வொர்க்கை வாங்குங்கள்" என்று யாரும் கேட்கவில்லை. சரக்கு, கணக்கு, சம்பளம் என்று முதலாளிக்குப் புரிந்த பெயர்களோடு போனது. உள்ளே போனபின், இதையும் இதிலேயே செய்யலாமே என்று அவர்களே அடுத்த படிவத்தைக் கேட்டார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. சென்னையில் 2010இல் கிரிஷ் மாத்ருபூதம், ஷான் கிருஷ்ணசாமி தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், ரூபி ஆன் ரெயில்ஸில் கட்டப்பட்டது. அப்போது அது ஒரு சின்ன கூட்டம், யாரையும் சம்மதிக்க வைக்க வேண்டிய அவசியம் இல்லை. 2021இல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலானபோது அதுவே பெரிய நிறுவனம். சிறிதாக இருக்கும்போது ஒரு சட்டகத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் வளரும்போது அந்தச் சட்டகமும் பெரிய நிறுவனத்துச் சட்டகம் ஆகிவிடுகிறது.

உத்தரவு போட்டால் போதாதா என்று கேட்கலாம். சட்டகம் இல்லாவிட்டாலும் அதே பாடத்தைச் சொல்லும் ஓர் உதாரணம் தருகிறேன். இங்கே பலருக்கு அரசு மடிக்கணினி வந்திருக்கும். என் அக்கா மகளுக்கும் வந்தது. பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும். ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ், சி-டாக் நிறுவனம் சென்னையில் செய்த லினக்ஸ். சில நொடி காத்திருக்கும், அதற்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். அவள் ஒரே ஒருமுறை பாஸைத் திறந்தாள். இதை எப்படிப் பயன்படுத்துவது என்று பள்ளியில் கேட்டாள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அப்புறம் திறக்கவே இல்லை. லட்சக்கணக்கான வீடுகளுக்குள் ஒரு நல்ல பொருள் இலவசமாகப் போயும் அந்தக் கறுப்புத் திரையைத் தாண்டவில்லையே என்று எனக்கு இன்றும் ஆற்றாமைதான். அதற்குச் சில ஆண்டு முன்னால் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., தன் அலுவலகத்து மேசைகளிலேயே சூசே லினக்ஸைக் கொண்டுவந்தார். அதிகாரியும் எழுத்தரும் ஒரே திரையைப் பார்த்து வேலை செய்யும்போது, சந்தேகம் கேட்கப் பக்கத்து மேசை இருக்கும். வித்தியாசம் அங்கேதான்.

என் இரண்டாவது முயற்சியைச் சொல்கிறேன். 2015. தமிழ்நாடு முழுக்கக் கிளைகள் உள்ள ஒரு பெரிய நிறுவனத்தில் அப்போது நான் வேலையில் இருந்தேன். இந்தமுறை நான் யாருடைய தளத்தையும் மாற்றுகிறேன் என்று சொல்லவில்லை. யாரும் சீண்டாத ஒரு வேலையைத் தேடினேன். கிளைக் கட்டடங்களின் வாடகை. அதற்கு ஒரு எக்ஸெல் கோப்பு மெயிலில் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பெயர் 'வாடகை புதியது கடைசி 3'. கிளையில் ஒருவர் திருத்துவார், மண்டலத்தில் ஒருவர் பழைய பிரதியைத் திருத்துவார், மாதா மாதம் யாராவது ஒரு கட்டட உரிமையாளர் பணம் வரவில்லை என்று கணக்குப் பிரிவு அம்மாவைத் திட்டுவார். அந்த அம்மாவின் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். மூன்று வாரத்தில் ஜாங்கோவில் நாலு திரை செய்தேன். அவர்களுடைய ஆரக்கிள் தரவுத்தளத்தைப் படிக்க மட்டும் அனுமதி வாங்கினேன், ஒரு எழுத்துகூட அதில் எழுதவில்லை. கம்பெனியின் அதே பயனர் பெயர், அதே கடவுச்சொல். அந்த மாதம் ஒரு உரிமையாளரும் போன் செய்யவில்லை. அதை மேலிடத்தில் போய்ச் சொன்னது நான் இல்லை, அந்த அம்மாதான்.

அதற்குப் பிறகுதான் உண்மையான பரீட்சை. பாதுகாப்புப் பிரிவின் படிவம் வந்தது. பல பக்கம். அதில் ஒரு கட்டம்: தயாரிப்பாளரின் ஆதரவுத் தொலைபேசி எண். இலவச மென்பொருளுக்கு அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது? 2011இன் நானாக இருந்தால் 'கம்யூனிட்டி' என்று எழுதியிருப்பேன். இப்போது நாலு வரி எழுதினேன். நிறுவனத்துக்கு உள்ளேயே இதைத் தெரிந்த இரண்டு பேரின் பெயர், நான் அதில் சேர்த்தி இல்லை. ஆண்டு ஒப்பந்தத்தில் ஆதரவு தரச் சம்மதித்த சென்னைக் கம்பெனி ஒன்றின் எண். நாங்கள் பயன்படுத்துவது ஜாங்கோ 1.8, அது நீண்டகால ஆதரவுப் பதிப்பு, பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 ஏப்ரல் வரை வரும். அந்தத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே அடுத்த பதிப்புக்கு மாற இத்தனை நாள் உழைப்பு ஒதுக்க வேண்டும். கடைசி வரியைப் படித்துவிட்டு அந்த அதிகாரி எனக்கே போன் செய்தார். "செலவையும் சேர்த்து எழுதிக் குடுத்த மொத ஆள் நீங்கதான்" என்றார்.

கூடவே, உள்ளே பயன்படுத்திய ஒவ்வொரு நிரல் நூலகத்தின் பெயர், பதிப்பு, உரிமம் என்று ஒரு பட்டியல் கொடுத்தேன். இப்போது இதற்கு எஸ்பாம் என்று பெயர். செர்ட்-இன் 2024இல் இதற்கென்று வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. மாத்திரை அட்டையின் பின்னால் என்னென்ன மருந்து எத்தனை மில்லிகிராம் என்று இருக்கிறதே, அதுபோல. அடுத்தது வெளியேறும் வழி. நாளைக்கு இது வேண்டாம் என்றால் எல்லா விவரமும் சாதாரண அட்டவணைகளாகக் கையில் வரும் என்று சொன்னேன். சொன்னதோடு விடாமல் அவர்கள் கண்ணெதிரில் இறக்கி, அந்த அம்மாவின் பழைய எக்ஸெல் வடிவத்திலேயே திறந்து காட்டினேன்.

பெரிய நிறுவனங்கள் கேட்கும் இன்னொரு கேள்விக்குப் பதில் இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறது. "ஆள் கிடைப்பாங்களா?" ஆள் கிடைக்காது என்று பயந்தே நல்ல சட்டகத்தை ஒதுக்குகிறார்கள், அவர்கள் ஒதுக்குவதால் நீங்கள் கற்றுக்கொள்ளத் தயங்குகிறீர்கள். இந்த முடிச்சை எங்கோ ஓரிடத்தில் அவிழ்க்க வேண்டும். பக்கத்து விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கட்டற்ற மென்பொருள் சொல்லித் தருகிறது. கணியம் அறக்கட்டளை 'எளிய தமிழில்' என்ற வரிசையில் தொழில்நுட்ப நூல்களை இலவசமாக வெளியிடுகிறது. செங்கத்திலோ ஜவ்வாதுமலையிலோ இருக்கும் ஒரு பிள்ளைக்கு, கலிபோர்னியாவில் பயன்படுத்தும் அதே சட்டகம், அதே பதிப்பு, அதே நாளில், காசில்லாமல் கிடைக்கிறது. வேறு எந்தத் தொழிலில் இப்படி ஒரு சமநிலை இருக்கிறது? நான் இவ்வளவு தூரம் இதைப் பற்றிக் கவலைப்படுவதே இதனால்தான். பெரிய நிறுவனம் ஒன்று திறந்த சட்டகத்தை எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், விலை கொடுத்துச் சான்றிதழ் வாங்க முடியாத ஒரு பிள்ளைக்கு ஒரு கதவு திறக்கிறது.

எடுத்துக்கொள்கிற நிறுவனங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் ஓட்டை வெளிப்பட்டபோது உலகமே விழித்திருந்தது. அதைப் பராமரித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய தன்னார்வலர்கள். அதன்மேல் நின்ற கம்பெனிகளின் வருமானத்தை எண்ண விரல் போதாது. ஜெரோதா 2024இல் கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் என்று ஒரு நிதியை அறிவித்தது. இந்தியாவிலிருந்து இப்படி ஒன்று வந்தது எனக்கு நிறைவாக இருக்கிறது. தாங்கள் நிற்கும் சட்டகத்துக்கு ஒவ்வொரு பெரிய நிறுவனமும் ஓர் ஆளின் ஒரு நாள் உழைப்பையாவது வாரம்தோறும் கொடுக்க வேண்டும். ஒருவேளை சாப்பிட்டுவிட்டுப் போகிற சத்திரம் இல்லை அது.

அந்த வாடகைத் திரைகளுக்கு வருகிறேன். ஒப்புதல் வருவதற்கு முன் கடைசியாக ஒரு சோதனை வைக்கச் சொன்னேன். வெறும் சர்வர் ஒன்று, காப்புப் பிரதி ஒன்று, நான் எழுதிய நான்கு பக்கச் செயல்முறைத் தாள். நான் அறைக்கு வெளியே. உள்ளே இரண்டு சக ஊழியர்கள். தாளை மட்டும் பார்த்து முழுவதையும் எழுப்ப வேண்டும். முதல்முறை முடியவில்லை, தாளில் ஒரு படி விட்டுப்போயிருந்தது. திருத்தினோம். இரண்டாம் முறை ஓடியது. நிறுவனம் அதன்பிறகு கிளைப் பராமரிப்பு, வண்டி, அச்சுச் செலவு என்று ஒவ்வொன்றாக அதிலேயே செய்யச் சொன்னது.

அடுத்த ஆண்டு ஒரு மாதக் கடைசியில் இரவு பத்தரைக்கு அது நின்றுபோனது. வட்டு நிறைந்துவிட்டது. பணியில் இருந்தது போளூர்ப் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். அவள் எனக்குப் போன் செய்யவில்லை. இழுப்பறையிலிருந்து தாளை எடுத்து, ஒவ்வொரு படியாகச் செய்து, பதினொன்றேகாலுக்குத் திரும்ப ஓடவிட்டிருக்கிறாள். காலையில் அலுவலகம் போனபோதுதான் எனக்கே தெரிந்தது. தாள் மேசைமேல் இருந்தது. ஏழாவது படிக்குப் பக்கத்தில் பென்சிலில் அவள் கையெழுத்தில் ஒரு வரி புதிதாக இருந்தது: 'இங்கே ஐந்து நிமிடம் ஆகும், பயப்பட வேண்டாம்.'